பந்து விழுந்த பிறகு எல்லாரும் கோச்தான்

டெட்ரொயிட் லயன்ஸ் அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளர் டான் கெம்பல் எடுத்த இரண்டு முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது 2023 நவம்பர் 12, சார்ஜர்ஸ் அணிக்கு எதிராக. ஆட்டம் 38-38 என்று சமநிலை. முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. எதிரணியின் 26 யார்ட் கோட்டில் நான்காவது முயற்சி, இன்னும் இரண்டு யார்ட் தேவை. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுத்து முன்னுக்குப் போயிருக்கலாம். கெம்பல் உதைக்கச் சொல்லவில்லை, எறியச் சொன்னார். சாம் லபோர்ட்டா பந்தைப் பிடித்தார். அதன் பிறகு நேரத்தைக் கரைத்து, கடைசியில் உதைத்து, 41-38 என்று லயன்ஸ் வென்றது. அன்றைக்குக் கெம்பல் துணிச்சல்காரன்.

இரண்டாவது 2024 ஜனவரி 28, சான் பிரான்சிஸ்கோ ஃபோர்ட்டி நைனர்ஸ் அணிக்கு எதிராக. வென்றால் லயன்ஸ் தன் வரலாற்றிலேயே முதல் தடவையாக சூப்பர் போலுக்குப் போகும். மூன்றாவது கால்பகுதி, 24-10 என்று லயன்ஸ் முன்னுக்கு நிற்கிறது. எதிரணியின் 28 யார்ட் கோட்டில் நான்காவது முயற்சி, இன்னும் இரண்டு யார்ட் தேவை. திரும்பவும் உதைக்கவில்லை, எறிந்தார்கள். பந்து ஜோஷ் ரெனோல்ட்ஸின் கையில் பட்டுக் கீழே விழுந்தது. நைனர்ஸ் தொடர்ச்சியாக 24 புள்ளிகள் எடுத்தது. லயன்ஸ் 34-31 என்று தோற்றது. எங்களுக்குத் திங்கள் காலை. டெட்ரொயிட்டில் ஞாயிறு இரவு. கெம்பல் முட்டாளாகிவிட்டார்.

கிட்டத்தட்ட அதே கோடு, அதே இரண்டு யார்ட், அதே ஆள். வித்தியாசம் ஒரு பந்து பிடிபட்டதும் ஒரு பந்து விழுந்ததும்தான். ஆனால் ரசிகர்களின் வாதத்தில் முதலாவது கெம்பலின் குணத்துக்கு ஆதாரம், இரண்டாவது அவரை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு ஆதாரம். பயிற்றுவிப்பாளர்களைப் பற்றி அமெரிக்கன் ஃபுட்போல் ரசிகர்கள் நடத்துகிற வாதங்களில் முக்கால்வாசி இப்படித்தான் நடக்கிறது. ஞாயிறு இரவு பத்தரைக்குப் பிறகு கண் விழித்திருந்து பார்க்கிற எங்களைப் போன்ற ஆக்களும் இதே வாதத்தைத்தான் நடத்துகிறோம்.

இந்த விளையாட்டைப் பார்க்காத வாசகருக்கு ஒரு சின்ன விளக்கம். பந்து வைத்திருக்கிற அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து யார்ட் முன்னேறினால் இன்னொரு நான்கு முயற்சிகள் கிடைக்கும். மூன்று முயற்சியில் முடியாவிட்டால் நாலாவதில் என்ன செய்வது என்பதுதான் பயிற்றுவிப்பாளரின் தலைவலி. பந்தைத் தூரத்துக்கு உதைத்து எதிரணியிடம் கொடுக்கலாம், கிட்ட நின்றால் கம்பத்துக்குள் உதைத்து மூன்று புள்ளி எடுக்கலாம், அல்லது துணிந்து விளையாடலாம். துணிந்து தவறினால் அந்த இடத்திலேயே பந்து எதிரணிக்குப் போய்விடும். எங்கட கிரிக்கெட்டில் நாணயச் சுழற்சியில் வென்று எதை எடுப்பது என்று வாதிடுகிற மாதிரி, ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் பல தடவை.

ஒரு முடிவு சரியா பிழையா என்பதை அது எடுக்கப்பட்ட நேரத்தில் தெரிந்தவற்றை வைத்துத்தான் சொல்லலாம் என்பது எங்கள் பக்கம். நைனர்ஸ் ஆட்டத்தில் உதைக்க வேண்டும் என்று சொன்னவர்களிடமும் நல்ல நியாயம் இருந்தது. மூன்று புள்ளி கிடைத்தால் முன்னிலை 17 ஆகும், எதிரணி மூன்று தடவை புள்ளியெடுக்க வேண்டிவரும். மறுபக்கத்தில், அந்த இடத்திலிருந்து உதைப்பது ஏறத்தாழ 45 யார்ட் தூரம். சீசனின் நடுவில் சேர்த்துக்கொள்ளப்பட்ட உதைப்பாளர், வெளி மைதானம், இரண்டே யார்ட் தேவை, அந்த சீசன் முழுக்க அந்த மாதிரி இடங்களில் துணிந்தே வளர்ந்த அணி. இரண்டு பக்கமும் கதைக்கலாம். பந்து எறியப்படுவதற்கு முன்னாலும் இந்த நியாயங்கள் இருந்தன என்பதால் இது வாதம். ‘விழுந்திட்டுதே, அப்ப பிழைதானே’ என்பது வாதமில்லை, அது செய்தி வாசிப்பு.

அதே ஆட்டத்தில் கெம்பல் உண்மையாகவே பிழைவிட்ட இடம் ஒன்று இருக்கிறது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் அளவில், பத்துப் புள்ளி பின்னால் நிற்கும்போது, கோட்டுக்கு மிக அருகில் மூன்றாவது முயற்சியில் பந்தை எறியாமல் டேவிட் மொன்ட்கொமரியிடம் கொடுத்து ஓடச் சொன்னார். ஓட்டம் மறிக்கப்பட்டது. கடிகாரம் ஓடியது. அதை நிறுத்த ஒரு இடைநிறுத்தத்தைச் செலவழிக்க வேண்டிவந்தது. எறிந்து தவறியிருந்தால் கடிகாரம் தானாக நின்றிருக்கும். அடுத்த முயற்சியில் புள்ளி எடுத்தார்கள், ஆனால் பந்தைத் திரும்பப் பெறுவதற்கான வாய்ப்பு அந்த இடைநிறுத்தத்தோடு சுருங்கிவிட்டது. நாலாவது முயற்சிகளைப் பற்றி எழுந்த சத்தத்தோடு ஒப்பிட்டால் இதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஏனென்றால் இதில் பந்து கண்ணுக்கு முன்னால் விழவில்லை.

முடிவைப் பார்த்து மதிப்பிடாதே என்று சொன்னால், அப்ப கோச்மாரை விமர்சிக்கவே கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாக விமர்சிக்கலாம். லயன்ஸின் வரலாற்றிலேயே அதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. 2002 நவம்பரில் சிக்காகோ பெயார்ஸோடு ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போனது. அப்போதைய விதிப்படி முதலில் புள்ளி எடுக்கிற அணி உடனேயே வெல்லும். நாணயச் சுழற்சியில் லயன்ஸ் வென்றது. பயிற்றுவிப்பாளர் மார்ட்டி மோர்ன்ஹின்வெக் பந்தை எடுக்கவில்லை, காற்று வீசும் பக்கத்தை எடுத்தார். பெயார்ஸ் பந்தை எடுத்து, முன்னேறி, உதைத்து வென்றது. லயன்ஸின் கைக்குப் பந்து வரவேயில்லை. முதலில் புள்ளி எடுத்தவன் வெல்லுவான் என்றால் பந்தை விட்டுக்கொடுக்கிறது என்ன கணக்கு? அன்றைக்கு லயன்ஸ் வென்றிருந்தாலும் அது பிழையான முடிவுதான்.

சரி, ரசிகர்களுக்கு ஏன் எப்போதும் கோச்சின் தலைதான் வேண்டும்? அதற்கு ரசிகர்களின் குணத்தைவிட என்.எஃப்.எல். கட்டப்பட்டிருக்கிற விதம்தான் காரணம் என்று நினைக்கிறோம். 32 அணிகள். தோற்றாலும் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படமாட்டார்கள், உண்மையில் கடைசியாக வருகிற அணிக்குத்தான் அடுத்த வருடம் இளம் வீரர்களைத் தெரிவுசெய்கிற முதல் உரிமை. உரிமையாளரை யாரும் மாற்ற முடியாது. ஃபோர்ட் குடும்பம் 1960களின் தொடக்கத்திலிருந்து லயன்ஸை வைத்திருக்கிறது. வீரர்களுக்குச் செலவழிக்கிற சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, அவர்களை நினைத்தபடி மாற்ற முடியாது. ஆனால் பயிற்றுவிப்பாளரின் சம்பளம் அந்த உச்சவரம்புக்குள் வராது. அவரை வெளியே அனுப்புவதற்குக் காசு போகுமே தவிர அணியின் கணக்கில் ஒரு ஓட்டையும் விழாது. ஆகவே ‘ஏதாவது செய்யுங்கோ’ என்ற சத்தத்துக்குப் பதிலாக உரிமையாளரிடம் இருக்கிற இலகுவான பதில் கோச்சை அனுப்புவது. ஒவ்வொரு வருடமும் வழக்கமான ஆட்டங்கள் முடிந்த மறுநாளைக் ‘கறுப்புத் திங்கள்’ என்றே சொல்கிறார்கள்.

அதுவும் வெறும் 17 ஆட்டங்களை வைத்து. 2021க்கு முன்னர் 16. ஒரு பந்து கம்பத்தில் பட்டு வெளியே போவதும் உள்ளே போவதும், ஒரு முக்கிய வீரரின் முழங்கால் பிசகுவதும் 9 வெற்றியை 7 ஆக்கவோ 11 ஆக்கவோ போதும்.

டெட்ரொயிட் ரசிகர்கள் ஒரு காலத்தில் இதைச் சரியாகவே விளங்கிக்கொண்டார்கள். 2001 முதல் அணியின் நிர்வாகத்தை நடத்தியவர் மட் மில்லன். மோர்ன்ஹின்வெக் போனார், ஸ்டீவ் மரியூச்சி வந்தார், 2005 நவம்பரில் அவரும் போனார். தோல்வி மட்டும் போகவில்லை. அந்த டிசம்பரில் ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே ஊர்வலம் போனார்கள். சிலர் அன்றைக்கு வந்த எதிரணியின் ஆரஞ்சு நிறத்தில் உடுத்து வந்தார்கள். அவர்கள் கேட்டது கோச்சின் தலையை இல்லை, கோச்சைத் தெரிவுசெய்கிறவரின் தலையை. ஆனால் உரிமையாளர் அசையவில்லை. மில்லன் 2008 செப்டம்பர் வரை இருந்தார். அவரது காலத்தில் 31 வெற்றி, 84 தோல்வி. அவர் போன அந்த சீசனை லயன்ஸ் 0-16 என்று முடித்தது. 16 ஆட்டச் சீசனில் ஒன்றையும் வெல்லாத முதல் அணி அதுதான்.

இனி ஜிம் கோல்ட்வெல்லின் கதைக்கு வருவோம். 2014இலிருந்து 2017 வரை நான்கு வருடம் லயன்ஸின் பயிற்றுவிப்பாளர். 11-5, 7-9, 9-7, 9-7. மொத்தம் 36 வெற்றி, 28 தோல்வி. முழு சீசன்கள் பொறுப்பிலிருந்த லயன்ஸ் பயிற்றுவிப்பாளர்களில், சூப்பர் போல் காலத்தில் அதுவரை யாருக்கும் இந்த வெற்றி வீதம் இருக்கவில்லை. இரண்டு தடவை பிளேஓஃப் சுற்றுக்குப் போனார், இரண்டிலும் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். ரசிகர்களின் முறைப்பாடுகளில் நியாயமானவையும் இருந்தன. 2015 டிசம்பரில் கிரீன்பே பக்கர்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிப் பந்தில், ஏரன் ரொஜர்ஸ் 61 யார்ட் தூரத்துக்கு எறிந்து வென்றபோது, உயரமான கல்வின் ஜோன்சனை ஏன் பின்னால் நிறுத்தவில்லை என்ற கேள்வி சரியான கேள்வி. ஆனால் அதோடு சேர்ந்து, ‘அந்த மனுசனுக்கு முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லை’ என்பதும் குற்றச்சாட்டாக வந்தது. அமைதியாக நிற்பது எப்போதிருந்து பிழையானது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

9-7 போதாது என்று சொல்லி 2018 ஜனவரி 1 அன்று கோல்ட்வெல்லை அனுப்பினார்கள். அவருக்குப் பதில் வந்தவர் மட் பட்ரீஷியா. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸிலிருந்து வந்தவர், அவரைத் தெரிவுசெய்த நிர்வாகி பொப் குயினும் அதே அணியிலிருந்து வந்தவர்தான். பட்ரீஷியாவின் கணக்கு 13 வெற்றி, 29 தோல்வி, ஒரு சமநிலை. 2020 நவம்பரில் இருவரையும் ஒன்றாக அனுப்பினார்கள். கோல்ட்வெல் கறுப்பினத்தவர். அதற்குப் பிறகு எந்த அணியும் அவருக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளர் பதவி கொடுக்கவில்லை.

பட்ரீஷியாவுக்குப் பிறகுதான் கெம்பல். 2021இல் முதல் 11 ஆட்டங்களில் ஒரு வெற்றியும் இல்லை, பத்துத் தோல்வியும் ஒரு சமநிலையும். அந்த வருடம் 3-13-1. அடுத்த வருடத் தொடக்கம் 1-6. வேறு அணியாக இருந்தால் அந்த ஒக்டோபரிலேயே பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பார்கள். ஆனால் உரிமையாளர் ஷீலா ஃபோர்ட் ஹாம்ப் ஊடகங்களுக்கு முன்னால் வந்து, ரசிகர்களின் கோபம் விளங்குகிறது, ஆனால் இந்த ஆட்களில் நம்பிக்கை இருக்கிறது என்ற பொருளில் பேசினார். மிச்சப் பத்து ஆட்டங்களில் லயன்ஸ் எட்டை வென்றது. 2023இல் 12-5, 32 வருடத்துக்குப் பிறகு ஒரு பிளேஓஃப் வெற்றி. 2024இல் 15-2.

2022ஆம் ஆண்டை லயன்ஸ் முடித்தது 9-8 என்று, பிளேஓஃப் சுற்றும் இல்லை. ஆனாலும் அது கொண்டாடப்பட்ட சீசன். ஐந்து வருடத்துக்கு முன்னர் 9-7க்கு ஒருவர் வேலை இழந்த அதே ஊரில்! ஒன்று மேலே ஏறுகிற அணியின் கணக்கு, மற்றது நின்ற இடத்தில் நிற்கிற அணியின் கணக்கு என்று சொல்லலாம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் ஏறுவதற்கு நேரம் கொடுக்கப்பட்டதால்தான் அது ஏறியது. கெம்பலுக்கு ஆறு வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள், மத்யூ ஸ்டஃபோர்டை விற்றுக் கிடைத்த இளம் வீரர் தெரிவுகளைக் கொடுத்தார்கள், பிரட் ஹோம்ஸ் என்ற கெட்டிக்கார நிர்வாகியைக் கொடுத்தார்கள். கெம்பலின் திறமையை நாங்கள் குறைக்கவில்லை. அந்தத் திறமை வெளியில் தெரிய ஒன்றரை வருடத் தோல்வியைப் பொறுக்கிற ஆக்கள் வேண்டியிருந்தது என்று மட்டும் சொல்கிறோம்.

அந்தப் பொறுமை எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைக்கிறதா? என்.எஃப்.எல். வீரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவர்கள். தலைமைப் பயிற்றுவிப்பாளர்களில் கறுப்பினத்தவர்கள் எப்போதும் சிறு எண்ணிக்கைதான். அதற்காகத்தான் 2003இல் ரூனி விதி வந்தது. தலைமைப் பயிற்றுவிப்பாளர் பதவிக்குச் சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்காண வேண்டும் என்பதுதான் அப்போது அந்த விதி. அந்த விதியை மீறியதற்காக முதன்முதலில் தண்டம் கட்டியது யார் தெரியுமா? லயன்ஸின் மட் மில்லன்தான். மரியூச்சிக்குத்தான் வேலை என்று ஊருக்கே தெரிந்திருந்ததால் மற்றவர்கள் நேர்காணலுக்கு வர மறுத்துவிட்டார்கள். தண்டம் இரண்டு இலட்சம் டொலர்.

அரிசோனா கார்டினல்ஸ் 2018இல் ஸ்டீவ் வில்க்ஸை ஒரே சீசனில், 3-13க்கு, அனுப்பியது. அவரிடம் இருந்தது ஒரு புதுமுகக் குவாட்டர்பெக். பதிலுக்கு வந்த கிளிஃப் கிங்ஸ்பரி, டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் 35 வெற்றி 40 தோல்வியோடு அப்போதுதான் வேலை இழந்தவர். அவருக்கு நான்கு சீசன் கிடைத்தது. ஹூஸ்டன் டெக்சன்ஸ் 2021இல் டேவிட் கல்லியை ஒரு சீசனிலும் 2022இல் லவி ஸ்மித்தை ஒரு சீசனிலும் அனுப்பியது. பேட்ரியட்ஸ் 2024இல் ஜெரொட் மேயோவை ஒரு சீசனில். மயாமியில் பிரையன் ஃபுளோரெஸ் தொடர்ந்து இரண்டு வருடம் தோல்வியைவிட அதிக வெற்றி எடுத்தும் 2022 ஜனவரியில் அனுப்பப்பட்டார். அடுத்த மாதம் அவர் என்.எஃப்.எல். மீதே இனப்பாகுபாடு என்று வழக்குப் போட்டார். வில்க்ஸும் பிறகு அதில் சேர்ந்துகொண்டார்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளை இனப் பயிற்றுவிப்பாளர்களும் ஒரு சீசன் முடிய முன்னரே போயிருக்கிறார்கள். 2022இல் டென்வரில் நதானியல் ஹக்கெட், 2023இல் கரோலைனாவில் ஃபிராங்க் ரைக். கறுப்பினத்தவரான ஹியூ ஜக்சனைக் கிளீவ்லண்ட் 1-15, 0-16 என்ற இரண்டு சீசனுக்குப் பிறகும் வைத்திருந்தது. டெக்சன்ஸுக்குக் கடைசியில் வந்து 2023இல் 10-7 எடுத்த டிமெக்கோ ரயன்ஸும் கறுப்பினத்தவர்தான், அவருக்கு சி.ஜே. ஸ்ட்ராவுட் என்ற குவாட்டர்பெக்கும் கிடைத்தார். ஆகவே ஒவ்வொரு பணிநீக்கமும் இனவாதம் என்று நாங்கள் சொல்லவில்லை. ‘அனுப்பு’ என்று கத்துகிற ரசிகர் எல்லாரின் மனதையும் திறந்து பார்க்கவும் எங்களால் முடியாது. சந்தேகம் வருகிற இடத்தில் நேரம் யாருக்கு நீட்டப்படுகிறது, யாருக்கு வெட்டப்படுகிறது என்று பார்த்தால் ஒரு சாய்வு தெரிகிறது என்கிறோம்.

ரசிகர்களின் வாதம் இந்த இடத்தில்தான் விளையாட்டுக் கதையைத் தாண்டுகிறது. முடிவை மட்டும் பார்த்து மனிதரை எடைபோடுகிற பழக்கம், ஏற்கெனவே குறைந்த நேரம் கொடுக்கப்பட்டவருக்குத்தான் அதிகம் அடிக்கும். தோற்ற ஆட்டத்தில் எடுத்த சரியான முடிவு அவருக்குக் கணக்கில் வராது. வென்ற ஆட்டத்தில் இன்னொருவர் விட்ட பிழை அவருக்குத் துணிச்சல் என்று எழுதப்படும். ரசிகரின் கையில் பேனா இல்லை, உண்மைதான். ஆனால் பேனா வைத்திருக்கிறவருக்கு ரசிகரின் சத்தம் நல்ல சாட்டு. ‘ஊரே கேட்டது, நாங்கள் செய்தோம்’ என்று சொல்லிவிட்டு, பிழையான ஆளைத் தெரிவுசெய்த தன் பிழையை அவர் மூடிக்கொள்ளலாம்.

வாயை மூடிக்கொண்டு பாருங்கோ என்று நாங்கள் சொல்ல வரவில்லை. டிக்கெட்டுக்குக் காசு கட்டுகிறவர், மழையிலும் பனியிலும் போய் இருக்கிறவர், தலைமுறையாக ஒரு அணியைத் தூக்கிச் சுமக்கிறவர் கோபப்படத்தான் செய்வார். ஒன்றுக்கும் கோபப்படாத ரசிகர்கள் இருக்கிற அணி செத்த அணி. ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய வீடு எது என்பதில் 2005இன் டெட்ரொயிட் ரசிகர்கள் 2017இன் ரசிகர்களைவிடத் தெளிவாக இருந்தார்கள்.

ஆகவே அடுத்த கறுப்புத் திங்கள் வரும்போது வாதிடுவோம், நன்றாகவே வாதிடுவோம். அந்த முடிவு எடுக்கப்பட்ட நேரத்தில் என்ன தெரிந்திருந்தது என்று கேட்போம். அந்தக் கோச்சுக்கு எப்படிப்பட்ட வீரர்களைக் கொடுத்தார்கள், எத்தனை மாதம் கொடுத்தார்கள் என்று கேட்போம். அதே கணக்கோடு இன்னொருவர் இருந்திருந்தால் அவரையும் அனுப்பியிருப்போமா என்று நேர்மையாக யோசிப்போம். ‘தூக்குங்கோ’ என்று எழுத முதல், அவருக்குப் பதிலாக யார் வருவார், அந்த ஆளைத் தெரிவுசெய்யப்போவது யார் என்றும் ஒரு வரி எழுதிப் பார்ப்போம். 2017இன் கடைசியில் டெட்ரொயிட்டில் அந்த ஒரு வரியைப் போதுமான ஆக்கள் எழுதவில்லை. அதற்குக் கிடைத்த விடை 13-29-1.